கீமோ வேண்டுமா, வேண்டாமா? மார்பக அறுவைக்குப் பின் ஒரு டெல்டா குடும்பம் எடுத்த முடிவு

58 வயதுப் பெண். வலங்கைமான் வட்டத்தில், குடமுருட்டிப் பாசனத்தில் ஆறு மா நிலம். கணவரும் இவரும் சேர்ந்து பயிர் வைக்கிறார்கள். ஆள் கிடைக்காத நாளில் நடவுக்கும் களைக்கும் இவரே வயலில் இறங்கிவிடுவார். ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். 49 வயதில் மாதவிடாய் நின்றுவிட்டது. மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். மகளை மயிலாடுதுறைப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அடையாளம் தெரியாமலிருக்க ஊர், உறவு விவரங்களில் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் குளிக்கும்போது வலது மார்பின் மேற்புறம், அக்குளை ஒட்டி ஒரு சிறு கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. வலி இல்லாததாலேயே இரண்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு வந்த மகள் விஷயம் தெரிந்த மறுநாளே அழைத்துக்கொண்டு போனார். மேமோகிராம், ஊசி மூலம் சதை எடுத்துப் பரிசோதனை, பிறகு ஆடியில் அறுவை. மார்பகம் முழுவதையும் எடுக்காமல், கட்டியையும் அதைச் சுற்றியுள்ள சதையையும் மட்டும் நீக்கியிருந்தார்கள். அக்குளிலும் எல்லாவற்றையும் வழித்தெடுக்கவில்லை. மார்பகத்திலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேரும் மூன்று கணுக்களை மட்டும் நீல மையின் உதவியால் கண்டுபிடித்து எடுத்திருந்தார்கள். நல்ல அறுவை. பின்னால் எடுத்த பல முடிவுகளுக்கு அந்த அறுவை மருத்துவரின் நிதானமே இடம் கொடுத்தது.

மூன்று வாரம் கழித்துத் தஞ்சாவூரில், புற்றுநோய் மருத்துவரான என்னிடம் வந்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் ‘கீமோவுக்கு அனுப்பப்படுகிறார்’ என்று எழுதியிருந்தது. ஏன் கீமோ, எந்தக் கீமோ, அதனால் எவ்வளவு நன்மை என்று ஒரு சொல் இல்லை.

அறைக்குள் வந்தவர்களிடம் மூன்று கருத்து இருந்தது. “கட்டியைத்தான் எடுத்துவிட்டார்களே டாக்டரம்மா, இனி மருந்து எதற்கு?” என்றார் நோயாளி. “எது எது உண்டோ எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள், பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம்” என்று மகன் கைபேசித் திரையிலிருந்து சொன்னார். மகள் பேசவில்லை. அவர் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் அம்மாவின் காகிதங்களோடு, பெரியம்மாவின் பழைய காகிதங்களும் இருந்தன. நோயாளியின் ஓரகத்திக்குப் பல ஆண்டுகளுக்கு முன் இதே நோய். முடி முழுவதும் கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, பாதி உடம்பாகி, கடைசியில் பிழைத்து எழுந்தவர் அவர். இன்றும் நன்றாக இருக்கிறார். கீமோதான் காப்பாற்றியது என்பது அந்த வீட்டின் நம்பிக்கை. அது தவறான நம்பிக்கையும் அன்று.

எங்கள் பக்கத்தில் சிகிச்சையின் பலத்தை அது படுத்தும் பாட்டை வைத்து அளக்கிறார்கள். முடி கொட்டினால் மருந்து வேலை செய்கிறது என்று பொருள். தினம் ஒரு சிறு மாத்திரை என்றால் ஆறுதலுக்குக் கொடுப்பது. டெல்டாவில் மட்டுமல்ல, படித்த குடும்பங்களிலும், சில மருத்துவர்களிடமும்கூட இந்தக் கணக்கு இருக்கிறது. இந்தப் பெண்ணின் கட்டியில் உண்மை இதற்கு நேர் எதிராக இருந்தது. அதை எண்களால் உறுதி செய்துகொள்வதும் அந்தக் குடும்பத்துக்குப் புரியவைப்பதும்தான் இந்த நிகழ்வின் பெரும்பகுதி.

அறிக்கை சொன்னது

கட்டி 1.8 செ.மீ. செல்கள் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதைக் காட்டும் நாட்டிங்ஹாம் மதிப்பெண் 6, அதாவது மூன்று தரங்களில் நடுவான தரம் 2. வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை. இரத்தக் குழாய்களிலும் நிணநீர்க் குழாய்களிலும் ஊடுருவல் இல்லை. எடுத்த மூன்று கணுக்களில் ஒன்றில் 3 மி.மீ. அளவுக்குப் புற்று. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொண்டு செல்லை வளரத் தூண்டும் ஏற்பி 95 சதவீதச் செல்களில், அடர்த்தியாக. புரோஜெஸ்டிரோன் ஏற்பி 60 சதவீதச் செல்களில். செல்கள் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67 குறியீடு 14 சதவீதம். வளர்ச்சியைத் தூண்டும் மற்றோர் ஏற்பியான ஹெர்-2 ‘இரண்டு பிளஸ்’.

இந்தக் கடைசிச் சொல்லோடு யாரும் முடிவெடுக்கக் கூடாது. ஹெர்-2 மூன்று பிளஸ் என்றால் உண்டு, ஒன்றோ சுழியமோ என்றால் இல்லை. இரண்டு என்றால் தெரியவில்லை என்று பொருள். ஃபிஷ் என்னும் மரபணுச் சோதனை செய்தே தீர்மானிக்க வேண்டும். உண்டு என்று வந்தால் கீமோவும், அதோடு ஓராண்டு டிராஸ்டுஸுமாப் ஊசியும் என்று வழியே மாறிவிடும். மெழுகுக் கட்டையில் பதித்து வைத்திருந்த சதைத் துண்டைச் சென்னைக்கு அனுப்பினோம். அது வரும்வரை எந்த மருந்தையும் தொடங்க மறுத்துவிட்டேன். நாள் வீணாகிறதே என்று மகனுக்குக் கோபம். அறுவைக்குப் பின் கீமோவை மூன்று மாதத்துக்கு மேல் தள்ளினால் பாதிப்பு உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. அதற்குள் சில வாரம் பொறுத்துச் சரியான விடையோடு தொடங்குவதில் இழப்பு எதுவும் இல்லை. விடை வந்தது: ஹெர்-2 இல்லை.

ஏற்பிச் சோதனை பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எடுத்த சதையை ஒரு மணி நேரத்துக்குள் 10 சதவீத ஃபார்மலினில் போட்டு, 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மிகாமலும் ஊறவைக்க வேண்டும் என்பது உலகளாவிய நெறி. சிறிய ஊர்களில் சதைத் துண்டு உப்புநீர்ப் புட்டியில் கிடந்து, பஸ்ஸில் பயணம் செய்து, மறுநாள் ஆய்வகம் போய்ச் சேர்வதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் போன துண்டில் ஏற்பி ‘இல்லை’ என்று வந்தால் நம்ப முடியாது. ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் ஐந்தாண்டு ஹார்மோன் மாத்திரையால் பிழைத்திருக்க வேண்டிய ஒரு பெண்ணுக்கு அந்த மாத்திரையே கிடைக்காமல் போகும். அறுவை அறையில் ஒரு ஃபார்மலின் புட்டி தயாராக இருப்பது அவ்வளவு பெரிய விஷயம்.

மகள் கொண்டுவந்த பழைய காகிதங்களையும் வாங்கிப் பார்த்தேன். ஓரகத்தியின் கட்டியில் மூன்று ஏற்பிகளில் எதுவுமே இல்லை. அந்த வகை நோயில் ஹார்மோன் மாத்திரைக்குப் பிடிமானமே கிடையாது. கீமோதான் முதன்மை ஆயுதம். இரண்டு அறிக்கைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏற்பி பற்றிய வரிகளை மகளையே வாசிக்கச் சொன்னேன். ஒன்றில் மூன்று இடத்திலும் ‘இல்லை’. மற்றொன்றில் 95, 60. ஒரே வீடு, ஒரே உறுப்பு, வேறு வேறு நோய். அவர் அன்று முதன்முறையாகக் கேள்வி கேட்கத் தொடங்கியது அப்போதுதான்.

கண்ணுக்குத் தெரியாததற்குச் சிகிச்சை

மகன் பெட் ஸ்கேன் கேட்டார். உடம்பு முழுக்கப் பார்த்துவிட்டு, எங்கும் இல்லை என்றால் மருந்தே வேண்டாம் அல்லவா? நியாயமான கேள்வி; ஆனால் அந்த ஸ்கேன் விடை சொல்ல முடியாத கேள்வி. இருமல், எலும்பு வலி, கல்லீரல் கோளாறு எதுவும் இல்லாத ஆரம்ப நிலை நோயில் பெட் ஸ்கேன் வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012லேயே சொல்லிவிட்டது. சில மில்லிமீட்டருக்குக் குறைந்த எதுவும் அதில் தெரியாது. நாங்கள் அஞ்சுவதோ ஒரு கொத்துச் செல்கள், சில நேரம் ஒற்றைச் செல்கள், எலும்பு மச்சைக்குள் தூங்கிக் கிடப்பதைப் பற்றி.

இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே நோயாளி குறுக்கிட்டார். “மேலே தெரிந்த கோரையைப் பிடுங்கிவிட்டார்கள், கிழங்கு மண்ணுக்குள் கிடக்குமோ என்று பார்க்கிறீர்கள், அப்படித்தானே?” அதன்பின் அந்த அறையில் ‘எதற்கு மருந்து’ என்ற கேள்வி எழவில்லை. எவ்வளவு மருந்து என்பது மட்டுமே மிச்சம்.

ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள நோய்க்கு ஒரு குணம் உண்டு: அவசரப்படாது, மறக்கவும் செய்யாது. ஆக்ஸ்ஃபோர்டை மையமாகக் கொண்ட மார்பகப் புற்றுநோய் ஆய்வாளர் கூட்டமைப்பு 2017இல் வெளியிட்ட கணக்கு இதைத் துல்லியமாகக் காட்டியது. ஐந்தாண்டு ஹார்மோன் சிகிச்சை முடித்து, நோய் திரும்பாமல் இருந்த பெண்களை 20ஆம் ஆண்டுவரை தொடர்ந்தார்கள். 2 செ.மீ.க்கு உட்பட்ட கட்டி, கணுவில் நோய் இல்லை என்றால் வேறு உறுப்பில் திரும்பும் வாய்ப்பு 13 சதவீதம். அதே அளவுக் கட்டி, ஒன்று முதல் மூன்று கணுவில் நோய் என்றால் 20 சதவீதம். எங்கள் நோயாளி இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தவர். ஆகவே ஒன்றும் வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பும் நோய் இது இல்லை.

நூறு பேரில் எத்தனை பேர்

‘ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறையும்’ என்று சொல்வது எளிது. எதில் மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லாவிட்டால் அது மிரட்டலாகவோ ஆசைகாட்டலாகவோ ஆகிவிடும். நான் எப்போதும் நூறு பேரை வைத்தே பேசுகிறேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து உருவாக்கிய ‘பிரெடிக்ட்’ என்ற கணிப்புக் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. வயது, கட்டி அளவு, தரம், கணு, ஏற்பி ஆகியவற்றை உள்ளிட்டால் ஒவ்வொரு சிகிச்சையும் நூறு பேரில் கூடுதலாக எத்தனை பேரைக் காக்கும் என்று காட்டும். எண்களை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன்.

இவரைப் போன்ற நூறு பெண்கள். அறுவை மட்டும் செய்துகொண்டால் பத்தாண்டு முடிவில் உயிரோடிருப்பவர் ஏறக்குறைய 81. தினசரி ஹார்மோன் மாத்திரையைச் சேர்த்தால் மேலும் 4 பேர். கீமோவையும் சேர்த்தால் அதற்கு மேல் 2 பேருக்குள். எலும்பில் நோய் திரும்புவதைக் குறைக்கும் ஊசியைச் சேர்த்தால் இன்னும் ஒருவர். மீதிப் பேரில் பலரும் சாவது இந்த நோயால் அன்று. மாரடைப்பு, சர்க்கரை, முதுமை.

மகன் அந்த 4ஐயும் 2ஐயும் பார்த்து ஏமாந்துபோனார். இவ்வளவுதானா என்றார். பத்தாண்டுக்குள் அடங்காத நன்மை மாத்திரைக்கு உண்டு என்றேன். ஆக்ஸ்ஃபோர்டு கூட்டமைப்பின் 2011 கணக்கில், ஐந்தாண்டு டமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டவர்களிடம் மருந்து எடுத்த காலத்தில் நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மார்பகப் புற்றால் இறப்பது 15 ஆண்டுவரை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாதவிடாய் நின்ற பெண்களில் உடம்பில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதையே தடுக்கும் லெட்ரோஸோல் போன்ற அரோமடேஸ் தடுப்பான்கள் அதைவிடச் சற்று மேல் என்று 2015இல் காட்டினார்கள். விலை குறைவு. எங்கள் ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. சிகிச்சைத் திட்டம் முழுவதிலும் அதிகம் உழைக்கப்போவது வேண்டாவெறுப்பாக வாங்கிப் போகும் அந்த அட்டைதான்.

கீமோ

இனி அந்த ‘2 பேருக்குள்’. அது ஒரு சராசரி. ஏற்பி அடர்த்தியாக உள்ள, மெதுவாகப் பெருகும் கட்டிக்கும், ஏற்பி மங்கலாக உள்ள வேகமான கட்டிக்கும் கருவி கீமோ நன்மையை ஏறக்குறைய ஒரே விகிதத்தில் பங்கிடுகிறது. உண்மையில் அப்படிக் கிடைப்பதில்லை.

இந்தக் கேள்விக்கு நேரான ஆய்வு 2021இல் வெளியான ஆர்எக்ஸ்பாண்டர். ஒன்று முதல் மூன்று கணுவில் நோய் உள்ள, ஏற்பி உள்ள, ஹெர்-2 இல்லாத பெண்கள். கட்டியின் 21 மரபணுக்களை அளக்கும் ஆங்கோடைப் சோதனையில் 25க்கு மேல் போகாதவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள்: ஒரு பிரிவுக்கு ஹார்மோன் மருந்து மட்டும், மறு பிரிவுக்குக் கீமோவும் ஹார்மோனும். மாதவிடாய் நின்றவர்களில் ஐந்தாண்டு முடிவில் நோயின்றி இருந்தவர் முதல் பிரிவில் 91.9 சதவீதம், கீமோ பிரிவில் 91.3. வேறுபாடே இல்லை. மாதவிடாய் நிற்காத பெண்களில் 89.0க்கு எதிராக 93.9, அங்கே கீமோ பிரிவுக்கு நன்மை இருந்தது. ஆகவே இதைப் படிக்கும் 40 வயதுப் பெண் யாரும் இந்த முடிவைத் தனக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

எங்கள் மருத்துவர் கூட்டு ஆலோசனையில் ஒரு சக மருத்துவர் உறுதியாக மறுத்தார். கணுவில் நோய் இருக்கிறது. 58 வயது, இன்னும் 25 ஆண்டு வாழக்கூடியவர். ஆங்கோடைப் செய்யவில்லை, மதிப்பெண் 25க்கு மேல் இருந்தால் அந்த ஆய்வே இவருக்குப் பொருந்தாது. சந்தேகம் இருந்தால் கொடுப்பதே நல்லது என்றார். முதல் மூன்றும் சரியான வாதங்கள். நான்காவதை என்னால் ஏற்க முடியவில்லை. கீமோ என்பது சந்தேகத்தைப் போக்கக் கொடுக்கும் பொருள் இல்லை. அதற்கென்று ஒரு விலை இருக்கிறது, அதைக் கொடுப்பது நாங்கள் இல்லை.

ஆங்கோடைப் சில லட்சம் ரூபாய் செலவு. சதைத் துண்டு அமெரிக்கா போய்வர வேண்டும். காப்பீட்டில் வராமல் கைப்பணம் போட வேண்டியிருந்தது. மகன் கடன் வாங்கியாவது கட்டுகிறேன் என்றார். அதற்கு முன் செலவில்லாத ஒரு வழியைப் பார்த்தோம். பிட்ஸ்பர்க்கில் உருவான மேகி சமன்பாடுகள், சாதாரண நோய்க்கூறு அறிக்கையில் இருக்கும் விவரங்களையே வைத்து ஆங்கோடைப் மதிப்பெண்ணை மதிப்பிடுகின்றன. அதில் 18க்குக் கீழே வந்தால் உண்மைச் சோதனையில் 25ஐத் தாண்டுவது அரிது. இவருக்கு வந்தது 17 அளவில். விளிம்பை ஒட்டிய எண்தான். ஆனால் புரோஜெஸ்டிரோன் ஏற்பி நன்றாக இருப்பது, கேஐ-67 குறைவாக இருப்பது, ஊடுருவல் இல்லாதது எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தன. பெங்களூரில் உருவான கேன்அசிஸ்ட் சோதனை விலை குறைவு என்பதால் அதையும் பேசினோம். அதற்குப் பின்னால் ஆர்எக்ஸ்பாண்டர் போன்ற குலுக்கல் ஆய்வு இல்லை என்பதால் இந்த முடிவுக்கு அதைச் சார்ந்திருக்க நான் விரும்பவில்லை. மகன் கையில் பணம் இருந்து கடனில்லாமல் செய்ய முடிந்திருந்தால் ஆங்கோடைப்பைச் செய்யச் சொல்லியிருப்பேன். கடன் வாங்கி, மாறுவதற்கு வாய்ப்புக் குறைந்த ஒரு விடைக்காகச் செய்யச் சொல்ல மனம் வரவில்லை.

மறுபக்கத் தட்டில் இருந்தவை நோயாளியின் உடம்பிலேயே தெரிந்தன. மூன்று மாதச் சர்க்கரை அளவு 8.4. மெல்லிய இழையால் உள்ளங்காலைத் தொட்டபோது இரண்டு இடங்களில் அவருக்கு உணர்வு தெரியவில்லை. இரவில் பாதம் எரிகிறது என்றார். கொடுப்பதாக இருந்த டோஸிடாக்ஸெல் நரம்பைத் தாக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதோடு சேரும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். வெள்ளணு குறைந்திருக்கும் நாளில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் அந்த மணி நேரமே ஊசி மருந்து ஏற வேண்டும். அவர் ஊரிலிருந்து இரவு பத்து மணிக்குமேல் கும்பகோணம் போய்ச் சேருவதே பெரும்பாடு. உணர்வு மரத்த வெறுங்காலோடு சேற்றில் இறங்கும் ஒரு பெண்ணுக்கு நரம்புப் பாதிப்பு என்பது பின்விளைவுப் பட்டியலில் ஒரு வரி மட்டும் அன்று, அவரது பிழைப்பு. இதையெல்லாம் தாங்கித்தான் ஆக வேண்டும் என்னும் அளவுக்கு நன்மை இருந்தால் தாங்கச் சொல்லியிருப்பேன், ஓரகத்திக்குச் சொன்னதுபோல.

அன்று முடிவு கேட்கவில்லை. தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். அடுத்த வாரம் வந்தபோது அவர் கேட்டது ஒன்றே: “கீமோ போடாமல் பின்னால் திரும்பி வந்தால், போட்டிருந்தால் வந்திருக்காது என்று ஆகுமா?” எனக்குத் தெரிந்த உண்மையைச் சொன்னேன். இவரைப் போன்றவர்களில் நோய் திரும்பும் பெரும்பாலோருக்கு, கீமோ போட்டிருந்தாலும் திரும்பியிருக்கும். ஒரு சிலருக்கு மாறியிருக்கலாம். அந்த ஒரு சிலர் யார் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் மகளைப் பார்த்தார். “மாத்திரையும் கரண்டும் போதும்” என்றார். கதிர்வீச்சைத்தான் கரண்டு என்றார். மகன் திரையில் வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, அம்மா மாத்திரையை விடாமல் சாப்பிட்டால் எனக்குச் சம்மதம் என்றார்.

கதிர்வீச்சும் கையும்

இதில் விவாதத்துக்கு இடமில்லை. மார்பகத்தைக் காத்து அறுவை செய்தால் கதிர்வீச்சு அதன் பாதி. ஆக்ஸ்ஃபோர்டு கூட்டமைப்பின் கணக்கில், கதிர்வீச்சு பெற்றவர்களிடம் பத்தாண்டுக்குள் நோய் திரும்புவது 35.0 சதவீதத்திலிருந்து 19.3ஆகக் குறைந்தது. பிரிட்டனின் ஃபாஸ்ட் ஃபார்வர்டு ஆய்வுக்குப் பின் மார்பகத்துக்கு மட்டும் என்றால் ஒரே வாரத்தில் ஐந்து முறையில் முடித்துவிடலாம். இவருக்குக் கணுப் பகுதியையும் சேர்க்க வேண்டியிருந்ததால் கதிர்வீச்சு மருத்துவர் மூன்று வாரம், பதினைந்து முறை என்று வகுத்தார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தச் செலவு அடங்கியது. தினமும் பஸ் மாறி வந்துபோக முடியாது என்று தஞ்சாவூரில் தங்கை வீட்டில் தங்கிக்கொண்டார். புரட்டாசி நடவு அந்த வாரங்களிலேயே வந்தது. கணவர் ஆள் வைத்து நட்டார். தினமும் மாலையில் தொலைபேசியில் எத்தனை ஆள், எந்த வயல் என்று இவர் இங்கிருந்தே கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

உறவினர் ஒருவர், ஒரு கணுவில் நோய் இருக்கிறதே, அக்குளைத் திரும்பத் திறந்து எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டாமா என்று கேட்டிருந்தார். முன்பு அப்படித்தான் செய்தோம். ஒன்றிரண்டு கணுவில் மட்டும் நோய் இருந்து, மார்பகம் காக்கும் அறுவையும் கதிர்வீச்சும் பெறுபவர்களுக்கு அது கூடுதல் ஆயுளைத் தரவில்லை என்று அமெரிக்காவின் இசட்-0011 ஆய்வின் பத்தாண்டு முடிவு 2017இல் உறுதி செய்தது. அக்குளை முழுதாக வழித்தெடுத்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. சில கணுக்களை மட்டும் எடுத்தால் இருபதில் ஒருவருக்கு. இவருக்கு அது வலது கை. நாற்று முடியைப் பிரித்து நடும் கை. வீங்கிய கையோடு சேற்றில் வேலை செய்தால் நெல் தாளின் கீறலும் அட்டைக்கடியும் சீழ்க்காய்ச்சலில் கொண்டுபோய் விடும். வயலில் இறங்கும்போது அந்தக் கைக்கு முழங்கை வரை ரப்பர் உறை, கீறல் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுதல், சிவந்து சூடேறினால் அன்றைக்கே வருதல். இதைச் சொல்லிக் கொடுத்த செவிலியர் அவரையே திருப்பிச் சொல்லச் சொன்னார்.

எலும்பு ஊசி, புதிய மாத்திரை, முள்சீத்தா

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஸோலெட்ரானிக் அமிலம் எலும்பில் நோய் திரும்புவதைக் குறைக்கிறது. லெட்ரோஸோலால் எலும்பு தேய்வதையும் தடுக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று ஆண்டு. எலும்பு அடர்த்தி ஸ்கேனில் முதுகெலும்பு ஏற்கெனவே சற்றுக் குறைந்திருந்தது. ஊசிக்கு முன் வாயைத் திறக்கச் சொன்னேன். வெற்றிலைக் கறை படிந்த பற்களுக்கிடையே ஒரு கடைவாய்ப் பல் ஆடிக்கொண்டிருந்தது. ஊசி போட்டபின் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. முதலில் பல் மருத்துவர், புண் ஆறியபின் ஊசி என்று வரிசைப்படுத்தினோம்.

ரிபோசிக்ளிப் என்ற மாத்திரையை 2024இல் அமெரிக்க அரசு இரண்டாம், மூன்றாம் நிலை நோய்க்கு அனுமதித்தது; கணக்குப்படி இவருக்கும் பொருந்தும். மூன்றாண்டில் நூற்றுக்கு மூன்று பேருக்கு நோய் திரும்புவதைத் தள்ளிப்போடுகிறது. ஆயுளைக் கூட்டுகிறதா என்பதற்கு நான் முடிவெடுத்தபோது தெளிவான விடை இல்லை. மாதச் செலவோ குடும்பத்தைச் சாய்த்துவிடும். இப்படி ஒரு மருந்து இருக்கிறது என்று சொன்னேன், பரிந்துரைக்கவில்லை.

முள்சீத்தாப் பழச்சாறும் இலைக் கஷாயமும் கீமோவைவிட ஆயிரம் மடங்கு என்று யாரோ கைபேசியில் அனுப்பியிருந்தார்கள். ஆய்வகத் தட்டில் செல்லைக் கொல்வது வேறு, மனித உடம்பில் நோயைத் தடுப்பது வேறு; இரண்டாவதற்கு மனிதரிடம் செய்த ஆய்வுச் சான்று இல்லை. சர்க்கரை 8.4இல் நிற்கும்போது பழச்சாறு கேடு. அவர் சிரித்துக்கொண்டே, மகள் ஏற்கெனவே அதைக் கொட்டிவிட்டாள் என்றார்.

பிறகு

லெட்ரோஸோல் தொடங்கிய நான்காம் மாதம் விரல்கள் காலையில் மடங்கவில்லை. முட்டி பிடித்தது. அரோமடேஸ் தடுப்பான் சாப்பிடுபவர்களில் பாதிப் பேருக்கு வரை மூட்டு வலி வருகிறது. மருந்தைப் பலர் சொல்லாமல் நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான். நான் கீமோவைவிட அதிகம் கவலைப்படுவதும் இந்த இடத்தைப் பற்றித்தான். கீமோ போட வராதவரைத் தொலைபேசியில் கூப்பிட ஆள் இருக்கிறது. மாத்திரையை விட்டவரை யாரும் கவனிப்பதில்லை. அதனால் ஒவ்வொரு வருகையிலும் காலியான அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லியிருந்தோம். ஏழாம் மாதம் ஒரு அட்டையில் ஒன்பது மாத்திரை மீதமிருந்தது. கேட்டபோது, கை பிடித்த நாட்களில் சாப்பிடவில்லை என்று தயங்கிச் சொன்னார். திட்டவில்லை. மூன்று வாரம் மருந்தை நிறுத்தினோம், வலி அடங்கியது, எக்ஸெமெஸ்டேனுக்கு மாற்றினோம். தினம் ஆற்றங்கரையில் நடக்கச் சொன்னேன். நடைப்பயிற்சி இந்த வலியைக் குறைக்கிறது என்பதற்கு ஆய்வு இருக்கிறது. சர்க்கரை மாத்திரையோடு காலையில் சேர்த்துச் சாப்பிடும் வழக்கத்துக்கு வந்தபின் அட்டைகள் காலியாகவே வருகின்றன.

இப்போது அறுவை முடிந்து இரண்டாம் ஆண்டு. வலது கையின் சுற்றளவு இடது கையோடு ஒத்திருக்கிறது. மேமோகிராம் ஆண்டுக்கு ஒருமுறை. இரத்தத்தில் கட்டிக் குறியீடுகளையோ ஸ்கேன்களையோ வழக்கமாக எடுப்பதில்லை. புதிய எலும்பு வலி, விடாத இருமல், பசியின்மை வந்தால் நாள் குறிக்காமல் வரச் சொல்லியிருக்கிறோம். எலும்பு ஊசியில் இன்னும் இரண்டு பாக்கி. ஐந்தாம் ஆண்டு முடிவில் மாத்திரையை நிறுத்துவதா, ஏழாண்டுக்கு நீட்டுவதா என்று மறுபடி உட்கார வேண்டும். ஆஸ்திரியாவின் ஒரு பெரிய ஆய்வில் மொத்தம் ஏழாண்டு சாப்பிட்டவர்களும் பத்தாண்டு சாப்பிட்டவர்களும் ஒரே நிலையில் இருந்தார்கள் என்பதால் அதற்கு மேல் நான் கேட்கப் போவதில்லை. அன்று அவர் எலும்பின் அடர்த்தி எப்படி இருக்கிறது, கை எப்படி மடங்குகிறது என்பதையும் சேர்த்தே அந்தக் கணக்கைப் போடுவோம்.